இன்டர்னலில் 23, செமஸ்டரில் ஃபெயில்: முதல் வருட மாணவர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்து நாலு நாளாகியும் கடைமடை வயல் காய்ந்து கிடந்தால், எங்கள் அப்பா அந்த வயலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேலே நடப்பார். எங்கேயாவது ஒரு மடையில் கோரை அடைத்திருக்கும், இல்லையென்றால் கரை உடைந்து அடுத்த வயலுக்குப் பாய்ந்துகொண்டிருக்கும்.

காலேஜில் சேர்ந்த முதல் செமஸ்டரில் பிள்ளைகள் சொல்லுகிற குறையும் அப்படித்தான். காய்வது ஓரிடம், அடைப்பு வேறிடம். "எல்லாம் மறந்து போகுது" என்று வருகிற பெண்ணுக்கு ஞாபக சக்தியில் ஒரு குறையும் இல்லை, படித்த விதம்தான் தப்பு. "நேரமே இல்ல" என்கிற பையனுக்கு நேரம் இருக்கிறது, அது ரெக்கார்டு நோட்டின் பார்டர் கோட்டில் போய்க்கொண்டிருக்கிறது.

நான் திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவி பக்கத்துக்காரி. எம்.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, சில வருடங்களாகச் சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் காலேஜ் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பாளையங்கோட்டைக்கும் பேட்டைக்கும் அபிஷேகப்பட்டிக்கும் தினமும் போய் வருகிறவர்கள். பலரும் அவர்கள் குடும்பத்தில் காலேஜுக்குப் போகிற முதல் ஆள். சந்தேகம் கேட்க வீட்டில் யாரும் இல்லை. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் குறை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் வாசித்துவிடுங்கள்.

எந்தக் குறையானாலும் முதலில் பார்க்க வேண்டியது

மூன்று தாள் கையில் வேண்டும்: உங்கள் பேப்பருக்கான சிலபஸ், முந்தைய இரண்டு மூன்று வருடக் கொஸ்டின் பேப்பர், தேர்ச்சி விதிமுறை இருக்கிற பக்கம். சிலபஸும் விதிமுறையும் காலேஜ் கொடுத்த கையேட்டிலோ பல்கலைக்கழக இணையதளத்திலோ இருக்கும். பழைய கொஸ்டின் பேப்பர் நூலகத்தில் கிடைக்கும். இல்லையென்றால் சீனியர்களிடம் கேளுங்கள், காலேஜ் வாசலில் இருக்கிற ஜெராக்ஸ் கடை அண்ணாச்சியிடமும் கேட்டுப் பாருங்கள்.

இப்போது எண்ணுங்கள். நம் பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் ஒரு பேப்பருக்கு இன்டர்னல் (டெஸ்டுக்கும் அசைன்மெண்டுக்கும் காலேஜிலேயே போடுகிற மார்க்) 25, செமஸ்டர் தேர்வு 75. அந்த 75 பெரும்பாலும் இப்படிப் பிரியும்: ஒரு மார்க் 10, ஐந்து மார்க் 5, எட்டு மார்க் 5. தன்னாட்சிக் கல்லூரியில் கணக்கு மாறும், உங்கள் பேப்பரைப் பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள். ஐந்து மார்க்கிலும் எட்டு மார்க்கிலும் 'அ' அல்லது 'ஆ' என்று கேட்பார்கள். இரண்டும் ஒரே யூனிட்டிலிருந்து வரும். இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். பள்ளிக்கூடத்தில் "ஏதேனும் ஏழு" என்று எழுதிப் பழகிய கை, இங்கேயும் ஒரு யூனிட்டை விட்டுவிடலாம் என்று நினைக்கும். ஒரு யூனிட்டை விட்டால் ஒரு மார்க் இரண்டும், ஐந்து மார்க் ஒன்றும், எட்டு மார்க் ஒன்றும் போகும். 2 + 5 + 8, மொத்தம் 15. அதை வேறெந்த யூனிட்டைக் கொண்டும் ஈடுகட்ட முடியாது.

விதிமுறைப் பக்கத்தில் ஒரே ஒரு வரியைத் தேடுங்கள்: மொத்தத்தில் தேர்ச்சி மதிப்பெண் சொல்லியிருப்பது போக, செமஸ்டர் தேர்வில் தனியாகவும் இவ்வளவு எடுக்க வேண்டும் என்று இருக்கிறதா? இருந்தால் அதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வையுங்கள். ஏன் என்பதை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

"இன்டர்னல் நல்லா இருக்கு, செமஸ்டர்தான் வரல"

என் கதையே இதுதான். முதல் செமஸ்டர் அல்லைடு (துணைப்பாட) பேப்பரில் எனக்கு இன்டர்னல் 25க்கு 23. செமஸ்டரில் 75க்கு 24. கூட்டினால் 47, பாஸ் மார்க்கைவிட ஏழு அதிகம். ஆனால் செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக 30 எடுத்திருக்க வேண்டும். அந்த விதி இருப்பதே மார்க் பட்டியல் வந்த அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த நாலு மாதம் நான் சும்மா இருக்கவில்லை. ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து அசைன்மெண்ட் எழுதினேன். ஏ4 தாளில் நாலு பக்கமும் கோடு போட்டு, தலைப்புக்கு ஒரு நிறம், உள்தலைப்புக்கு ஒரு நிறம் என்று வைத்து, இருபது பக்கம். நூலகப் புத்தகத்திலிருந்து வரி வரியாகப் பார்த்து எழுதியது. மேடம் அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார்கள். ஆனால் அந்த இருபது பக்கத்திலிருந்து ஒரு பக்கத்தைக்கூட என்னால் பார்க்காமல் எழுத முடிந்திருக்காது. கை உழைத்தது, மனதுக்கு வேலையே இல்லை. அசைன்மெண்டுக்கு எத்தனை மார்க் என்று உங்கள் காலேஜில் கேட்டுப் பாருங்கள். ஐந்தாகவோ அதற்குப் பக்கத்திலோதான் இருக்கும்.

சரி செய்வது எப்படி? அசைன்மெண்டைக் குறைக்கச் சொல்லவில்லை. அசைன்மெண்டையே பரீட்சைப் படிப்பாக்க வேண்டும். இரண்டும் அதே ஐந்து யூனிட்டிலிருந்துதானே வருகின்றன, பிறகு எதற்கு இரண்டு தடவை உழ வேண்டும்?

தலைப்பு கொடுத்ததும் பழைய கொஸ்டின் பேப்பரை எடுத்து, அந்தத் தலைப்பு எட்டு மார்க்கில் எப்படிக் கேட்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தலைப்பை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்றால் அங்கிருந்தே எடுங்கள். புத்தகத்தை ஒரு முறை நன்றாக வாசித்துவிட்டு மூடி வையுங்கள். வெள்ளைத் தாளில், கடிகாரத்தை எதிரே வைத்து, பரீட்சையில் எழுதுவது போல அந்தப் பதிலை எழுதுங்கள். 18 நிமிடம். (மூன்று மணி நேரத்தில் எட்டு மார்க் ஐந்துக்கும் ஒன்றரை மணி, ஐந்து மார்க் ஐந்துக்கும் ஒரு மணி, ஒரு மார்க்குக்கு கால் மணி, மீதி கால் மணி சரிபார்க்க. அப்படி வகுத்தால் ஒரு எட்டு மார்க்குக்கு 18 நிமிடம்தான் வரும்.) அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு மையில் சேருங்கள். அந்தத் தாளைப் பார்த்து அசைன்மெண்டை விரித்து எழுதுங்கள். அசைன்மெண்ட் மேடத்திடம் போய்விடும். அந்த வெள்ளைத் தாள் உங்களிடம் இருக்கும், நவம்பரில் செமஸ்டர் தேர்வு வரும்போது உங்களுக்கு வேண்டியது அதுதான்.

இன்டர்னல் டெஸ்டும் இப்படியே. டெஸ்ட் முடிந்து பேப்பர் கொடுத்ததும் மார்க்கை மட்டும் பார்த்துவிட்டுச் சுருட்டி வைக்காதீர்கள். மார்க் போன கேள்வியை அன்று ராத்திரியே ஒரு முறை சரியாக எழுதி, அந்த யூனிட்டோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.

"படிச்சுக்கிட்டேதான் இருக்கேன், அசைன்மெண்ட், ரெக்கார்டு ஒண்ணும் நேரத்துக்குப் போக மாட்டேங்குது"

மேலே சொன்னதற்கு நேர் எதிர். இது குறைவாகத்தான் வரும், வந்தால் பெரும்பாலும் அறிவியல் பிரிவில். ரெக்கார்டை மாதக் கடைசியில் மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுவதுதான் காரணம். லேபில் எடுத்த அளவுகள் அப்சர்வேஷன் நோட்டில் இருக்கிற அன்றைக்கே எழுதினால் ஒரு சோதனைக்கு முக்கால் மணி நேரம் போதும். மூன்று வாரம் கழித்து எழுதினால், எந்த அளவு எதற்கு எடுத்தது என்று தேடவே அந்த நேரம் ஆகிவிடும். கையெழுத்து வாங்காத ரெக்கார்டோடு பிராக்டிகல் தேர்வுக்குப் போய் நிற்கும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். லேப் இருக்கிற டே ஆர்டர் (கால அட்டவணை நாள்) எதுவோ, அன்றைய சாயங்காலம் ரெக்கார்டுக்குத்தான். வேறு எதையும் அன்று வைக்காதீர்கள்.

"நாலு தடவ வாசிச்சேன், பேப்பர வாங்குனதும் ஒண்ணும் வரல"

இது சொல்லாத பிள்ளையே இல்லை. போன வருடம் எங்கள் தெருவில் பொருளாதாரம் படிக்கிற பெண் ஒருத்தி, முதல் இன்டர்னல் முடிந்த சாயங்காலம் கண் கலங்கிப்போய் வந்தாள்.

"எக்கா, நேத்து ராத்திரி எல்லாம் தெரிஞ்சிதான் இருந்திச்சு. பேப்பரப் பாத்ததும் வெள்ளையா போயிட்டு."

"புத்தகத்த மூடி வச்சிட்டு எத்தன தடவ சொல்லிப் பாத்தே?"

யோசித்தாள். "ஒரு தடவகூட இல்லக்கா."

வாசிக்க வாசிக்க எல்லாம் பழகின முகமாகத் தெரியும். பழகின முகம் என்பதற்காகப் பெயர் ஞாபகம் வந்துவிடுமா? பரீட்சையில் கேட்பது பெயரை. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைக் கல்லூரி மாணவர்களை வைத்தே சோதித்தார்கள். ஒரு பிரிவு ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொரு பிரிவு ஒரு கட்டம் வாசித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடத்தில் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். அந்த ஐந்து நிமிடத் தெம்புதான் "நேற்று ராத்திரி தெரிந்தது".

அந்தப் பெண்ணிடம், "தினம் ஒரு மணி நேரம் எழுதிப் பார்" என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காலேஜ் விட்டு வந்ததும் அவளுக்குப் பீடித் தட்டு காத்திருக்கும். அம்மா பெயரிலுள்ள பீடி கம்பெனி பாஸ் புத்தகத்துக்கு இவளும் சேர்ந்து சுற்றினால்தான் கணக்கு சரியாகும். மடியில் தட்டு, பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றி வைத்த இலை. தகட்டை வைத்துக் கத்திரியால் இலையை வெட்டி, தூளைப் பரப்பி, உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றி அறுப்பாள். இரண்டு கைக்கும் வேலை, புத்தகத்தைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. அதனால் புத்தகம் மூடித்தான் இருக்கும். அதையே வழியாக வைத்துக்கொண்டோம். உட்காரும் முன் பத்து நிமிடம் ஒரு தலைப்பை வாசிக்க வேண்டும். அப்புறம் சுற்றிக்கொண்டே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தேவை நெகிழ்ச்சியின் (விலை மாறினால் தேவை எவ்வளவு மாறும் என்பதன்) ஐந்து வகை. "முற்றிலும் நெகிழ்ச்சியுள்ள தேவை... முற்றிலும் நெகிழ்ச்சியற்ற தேவை... ஓரலகு நெகிழ்ச்சி..." நாலாவதில் நின்றுவிட்டாள். விரல்கள் மட்டும் நிற்காமல் நூலைச் சுற்றின. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. இன்னும் இரண்டு பீடி முடிந்தது. "மிகை நெகிழ்ச்சி!" என்று அவளே பிடித்தாள். அப்படித் தேடிப் பிடித்தது தங்கும். எடுத்துக் கொடுத்திருந்தால் தங்கியிருக்காது. ஒரு கட்டு முடிகிற போதெல்லாம் தட்டுக்கு அருகில் வைத்த சீட்டில் பார்த்துச் சரிபார்த்துக்கொள்வாள். இரண்டாவது இன்டர்னலில் வெள்ளையாகப் போகவில்லை.

உங்கள் வீட்டில் பீடித் தட்டு இல்லாமல் இருக்கலாம். மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற நேரம், தண்ணீர்க் குழாயில் வரிசையில் நிற்கிற நேரம், எதுவானாலும் சரி. புத்தகம் மூடியிருக்கட்டும். தேடுகிற அந்தச் சிரமம் இருக்க வேண்டும்.

சொல்லிப் பார்த்ததை எப்போது திரும்பச் சொல்வது? அடுத்த நாள் ஒரு முறை, ஒரு வாரத்தில் ஒரு முறை, மாதக் கடைசியில் ஒரு முறை. மறதி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885லேயே தன்னை வைத்தே அளந்து எழுதிவிட்டார். படித்த முதல் நாளில்தான் அதிகம் உதிர்கிறது. அதனால் அடுத்த நாள் சொல்வதை மட்டும் விடவே விடாதீர்கள்.

"இங்கிலீஷ் மீடியம், ஒண்ணும் ஓட மாட்டேங்கு"

தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் ஒரே அசைன்மெண்டுக்கு மூன்று மடங்கு நேரம் செலவழிக்கிறார்கள், வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. நெகிழ்ச்சி என்றால் என்னவென்று உங்களுக்கு பிளஸ் ஒன்னிலேயே தெரியும். எலாஸ்டிசிட்டி என்பது அதே பொருளுக்கு இன்னொரு பெயர்.

தமிழ்நாடு அரசின் பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடநூல்கள் தமிழ் வழிக்கும் ஆங்கில வழிக்கும் ஒரே பாட வரிசையில் வந்திருக்கின்றன. இரண்டையும் இணையத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். உங்கள் முதல் வருட மேஜரில் (முதன்மைப் பாடத்தில்) நிறையப் பகுதி அந்தப் புத்தகத்தின் தொடர்ச்சிதான். இரண்டு பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு யூனிட்டுக்கு முப்பது நாற்பது சொல்லை ஒரு நோட்டில் எழுதுங்கள், இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். புரிந்துகொள்வது தமிழில் நடக்கட்டும். எழுதும்போது சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக எழுதுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம் போதும். வகுப்பில் நடத்துவது புரியவில்லை என்றால் முந்தின நாளே அந்தத் தலைப்பைத் தமிழில் வாசித்துவிட்டுப் போங்கள். பதினைந்து நிமிடம்தான் ஆகும், ஆனால் அன்றைய வகுப்பு முழுக்க உங்கள் கைக்கு வரும்.

"போக வரவே நாள் போயிடுது"

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கமிருந்து செங்கோட்டை பாசஞ்சரில் வருகிறவர்களுக்கும், திசையன்விளை, ராதாபுரம் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் உண்மையான கஷ்டம் இது. திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி இன்னொரு பஸ் வேறு பிடிக்க வேண்டும்.

காலையில் போகும்போது மனசு தெளிவாக இருக்கும், நேற்றுப் படித்ததைக் கண்ணை மூடிச் சொல்லிப் பாருங்கள். சாயங்காலம் திரும்பும்போது களைப்பு, அப்போது படிக்க முயலவே வேண்டாம், தூங்கிக்கொண்டு வாருங்கள். அந்தத் தூக்கத்துக்காக யாரும் குற்ற உணர்ச்சி கொள்ளத் தேவையில்லை. எழுத்து வேலையை வீட்டுக்குச் சுமந்து வராமல், மத்தியான இடைவேளையிலும் ஆசிரியர் வராத பீரியடிலும் காலேஜ் நூலகத்திலேயே முடித்துவிடுங்கள். பாளையங்கோட்டையில் படிக்கிறவர்களுக்கு மாவட்ட மைய நூலகமும் இருக்கிறது. வீட்டில் படிக்க இடமில்லாதவர்கள் லீவு நாளில்கூட அங்கே போய் உட்காரலாம்.

"எல்லாம் ஒரே வாரத்துல வந்து விழுது"

விழும். அக்டோபரிலும் நவம்பரிலும் இரண்டாவது இன்டர்னல், செமினார், அசைன்மெண்ட் கடைசி நாள், தீபாவளி, வீட்டில் பிசான நடவு, வடகிழக்குப் பருவமழை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். வருடா வருடம் இப்படித்தான் என்பதால், செமஸ்டர் தொடங்கும்போதே ஒரு நாட்காட்டியில் இவற்றைக் குறித்துவிட முடியும். நடவுக்கு எத்தனை நாள் நீங்கள் வீட்டில் தேவைப்படுவீர்கள் என்று அப்பாவிடம் செப்டம்பரிலேயே கேளுங்கள். அந்த நாட்களை அடித்துவிட்டு மீதியை எண்ணுங்கள். அசைன்மெண்டுக்கு உங்கள் கடைசி நாள், காலேஜ் சொன்ன நாளுக்குப் பத்து நாள் முந்தியது. இரண்டு பேப்பரின் கடைசி நாள் ஒரே நாளில் வந்தால் வகுப்புப் பிரதிநிதி மூலம் முன்கூட்டியே ஆசிரியரிடம் சொல்லுங்கள். இரண்டு வாரம் முன்னால் கேட்டால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.

மழை பற்றி ஒன்று. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் நம் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்தபோது எத்தனையோ பிள்ளைகளின் நோட்டு நனைந்து கூழானது. அதிலிருந்து என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரே பழக்கம்: வாரக் கடைசியில் எழுதின தாள்களை போனில் படமெடுத்து, தோழி ஒருத்திக்கும் அனுப்பிவிட வேண்டும். சான்றிதழும் ஹால் டிக்கெட்டும் பிளாஸ்டிக் உறையில், பரண்மேல். தேர்வு தள்ளிப்போனதாகச் செய்தி வந்தால் காலேஜின் அறிவிப்பைப் பார்த்து மட்டும் நம்புங்கள், வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பிப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள்.

"ராத்திரி தூக்கம் வரல, சாப்பாடு இறங்கல, காலேஜ விட்டுரலாம்னு தோணுது"

இதற்கு அட்டவணை போட்டுத் தர மாட்டேன். இதைப் படிப்புக் குறையாக எண்ண வேண்டாம். வீட்டில் ஒருவரிடமோ நம்புகிற ஆசிரியரிடமோ இன்றைக்கே சொல்லுங்கள். சொல்ல ஆளில்லை என்றால் மனநல உதவி எண் 14416, இல்லை அரசு மருத்துவ உதவி எண் 104. இரண்டிலும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

"அரியர் விழுந்துட்டு"

மார்க் வந்த அன்றைக்கு அழுதுவிடுங்கள், நானும் அழுதேன். மறுநாள் விடைத்தாள் நகலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் கடைசி நாள் என்றைக்கு என்று பாருங்கள், அந்த அவகாசம் சில நாள்தான் இருக்கும். நகல் வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள். எந்த யூனிட்டில் மார்க் போனது என்று அதில் தெரியும். என்னுடையதில் நாலாவது, ஐந்தாவது யூனிட் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அந்த இரண்டும் அசைன்மெண்ட் கேட்காத யூனிட்டுகள்.

அரியர் பேப்பருக்கு என்று தனியாக ஒரு மாதம் ஒதுக்காதீர்கள், அந்த மாதம் வராது. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் போதும், வாரம் ஒரு எட்டு மார்க், இரண்டு ஐந்து மார்க், மூடிய புத்தகத்தோடு. நான் டிசம்பரிலிருந்து அப்படித்தான் எழுதினேன். ஏப்ரலில் 75க்கு 52.

"நாளைக்குப் பரீட்சை, ஒண்ணும் படிக்கல"

சரி, இப்போது நடந்ததைப் பேசி நேரம் போக்க வேண்டாம். ஒவ்வொரு யூனிட்டிலும் அடிக்கடி கேட்கப்பட்ட எட்டு மார்க் ஒன்று, ஐந்து மார்க் ஒன்று, ஆக மொத்தம் பத்துக் கேள்வி. பதில் முழுவதையும் படிக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு உள்தலைப்பை மட்டும் வாசித்து, மூடி, எழுதிப் பாருங்கள். ஒரு கேள்விக்கு 20 நிமிடம், மொத்தம் மூன்று மணி இருபது நிமிடம். ஏதாவது ஒரு யூனிட் சுத்தமாகப் புரியவில்லை என்றால் அதன் ஒரு மார்க் கேள்விகளையாவது பார்த்துவிடுங்கள். பத்தரைக்கு விளக்கை அணையுங்கள். ஹால் டிக்கெட், அடையாள அட்டை, இரண்டு பேனா, பஸ் பாஸ் நாலையும் இப்போதே பையில் வைத்துவிடுங்கள், காலையில் தேட வேண்டாம். முதல் வண்டியைப் பிடியுங்கள், மழை நாளில் வண்ணார்பேட்டை பாலத்தில் நெரிசல் இருக்கும்.